கர்ப்பப்பை இறங்கும் தூரம்

1985இல் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது, பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் 800 மீட்டர் ஓடப் பெயர் கொடுத்தேன். பட்டியல் எழுதிய ஆசிரியர் என் பெயரை அடித்துவிட்டு, "பொம்பளப் பிள்ளைகளுக்கு 200 வரைக்கும்தான்" என்றார். காரணம் எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அழுதபோது அம்மாச்சிதான் காரணம் சொன்னார். "பொட்டப்பிள்ள அம்புட்டுத் தூரம் ஓடுனா கர்ப்பப்பை எறங்கிரும்டீ." அத்தோடு பேச்சு முடிந்தது. மறுநாள் நான் டெனிகாய்ட் வளையத்தைக் கையில் எடுத்தேன். பத்தாம் வகுப்பில் அதையும் விட்டுவிட்டேன்.

39 ஆண்டுகள் கழித்துக் குளியலறை வாசலில் வழுக்கிக் கையை ஊன்றினேன். மணிக்கட்டு முறிந்தது. கட்டுப்போட்ட மருத்துவர் எலும்பு அடர்த்திப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவைப் பார்த்தவர், "சின்ன வயசுல ஏதாவது விளையாடினீங்களா?" என்று கேட்டார். எலும்பு என்பது கிட்டத்தட்ட முப்பது வயதுக்குள் போட்டுவைக்கும் சேமிப்பு, அதற்குப் பிறகு பெரும்பாலும் எடுத்துச் செலவழிப்பதுதான், மாதவிடாய் நின்ற பின் செலவு வேகமாகும் என்று விளக்கினார். ஓடும்போதும் குதிக்கும்போதும் எடை தூக்கும்போதும் எலும்பின் மேல் விழும் அழுத்தம்தான் அதைக் கெட்டிப்படுத்துகிறது. வயதுக்கு வரும் பருவத்தை ஒட்டிய சில ஆண்டுகளில் இந்தச் சேமிப்பு மிக வேகமாக நடக்கும். சரியாக அந்த ஆண்டுகளில்தான் என்னை உட்கார வைத்திருந்தார்கள். கர்ப்பப்பையைக் காப்பாற்ற எலும்பைக் கொடுத்திருக்கிறேன் என்று தோன்றியது.

அந்த 200 எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். எங்கள் ஆசிரியரின் கண்டுபிடிப்பு இல்லை அது. அதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றை எழுதியவர்களில் பலர் மருத்துவர்கள்.

1873இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர் எட்வர்ட் கிளார்க் பெண்கல்வி பற்றி ஒரு நூல் எழுதினார். உடலில் உள்ள சக்தி ஓர் அளவுக்கு உட்பட்டது, பெண் தன் சக்தியைப் படிப்பில் செலவிட்டால் இனப்பெருக்க உறுப்புகளுக்குப் போய்ச் சேர வேண்டியது குறைந்துவிடும் என்பது அவர் வாதம். மாதவிடாய் நாட்களில் பெண்பிள்ளைகளுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், ஆண்களைப் போலப் படிக்க வைக்கக் கூடாது என்றார். ஹார்வர்டில் பேராசிரியராக இருந்தவர். பெண்களைக் கல்லூரிகளில் சேர்க்கலாமா என்ற விவாதம் சூடாக நடந்துகொண்டிருந்த நேரம் அது. நூல் பல பதிப்புகள் கண்டது.

இதற்கு மேரி புட்னம் ஜேக்கபி என்ற மருத்துவர் பதில் சொன்னார். அவர் வெறும் மறுப்புரை எழுதவில்லை, ஆய்வு செய்தார். கேள்வித்தாள் அனுப்பி 268 பெண்களிடமிருந்து பதில் பெற்றார். மாதவிடாய் நாட்களில் வலி உண்டா, எவ்வளவு தூரம் நடக்க முடியும், படிக்கும் காலத்தில் உடற்பயிற்சி செய்தீர்களா என்றெல்லாம் கேட்டார். சில பெண்களின் நாடித்துடிப்பையும் தசை வலிமையையும் மாதம் முழுவதும் அளந்து பார்த்தார். உடல்நலத்தோடு இருக்கும் பெண்ணுக்கு அந்த நாட்களில் கட்டாய ஓய்வு தேவையில்லை என்பது அவர் கண்ட முடிவு. பெயர் போடாமல் அனுப்பிய அந்தக் கட்டுரைக்கு 1876இல் ஹார்வர்டின் பாயில்ஸ்டன் பரிசு கிடைத்தது. பரிசு கொடுத்த அதே ஹார்வர்டின் மருத்துவக் கல்லூரி பெண்களை மாணவிகளாகச் சேர்த்துக்கொண்டது 1945இல்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிளார்க்கின் கவலை கல்லூரி வாசலில் வந்து நின்ற பெண்களைப் பற்றியது. அவர் வாழ்ந்த மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நூற்பாலைகளில் பெண்கள் நாளெல்லாம் நின்றுகொண்டே வேலை பார்த்தார்கள். மாதத்தில் சில நாள் தறியை நிறுத்திவிட்டு அவர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று எந்த ஆலை முதலாளியும் கவலைப்படவில்லை. பெண் உடல் எப்போது மென்மையானதாகிறது, எப்போது உரமானதாகிறது என்பதை உடல் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இது முதல் சாட்சி.

அடுத்த சாட்சி, என் பெயர் அடிக்கப்பட்ட அதே 800 மீட்டர்.

1896இல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இடமே இல்லை. பின்னர் டென்னிஸ், நீச்சல் என்று சிலவற்றில் அனுமதித்தார்கள். தடகளம் மட்டும் மூடியே இருந்தது. பிரான்ஸைச் சேர்ந்த அலிஸ் மிலியா 1921இல் பெண்களுக்கென்று தனியாகச் சர்வதேச விளையாட்டுக் கூட்டமைப்பைத் தொடங்கி, 1922இல் பாரீஸில் பெண்களுக்கான தடகளப் போட்டியை நடத்திக் காட்டினார். அந்த நெருக்கடிக்குப் பிறகே 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் தடகளம் சேர்க்கப்பட்டது. அதுவும் ஐந்தே போட்டிகள். அவற்றில் ஒன்று 800 மீட்டர்.

ஆகஸ்ட் 2 அன்று நடந்த இறுதி ஓட்டத்தில் 9 பேர் ஓடினார்கள். ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் உலக சாதனையோடு வென்றார். ஜப்பானின் ஹிதோமி கினுயே இரண்டாவதாக வந்தார். அவர் 100 மீட்டர் ஓட வந்தவர். அதில் அரையிறுதியோடு வெளியேறியதால் 800இல் இறங்கினார். ஜப்பானுக்காக ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் பெண் அவர்தான்.

மறுநாள் செய்தித்தாள்களில் வேறு ஓட்டம் நடந்திருந்தது. பெண்கள் பாதியில் விலகினார்கள், ஓட்டப்பாதையெங்கும் விழுந்து கிடந்தார்கள், பார்க்கவே பரிதாபமாக இருந்தது என்று எழுதினார்கள். முடிவுப் பட்டியலில் 9 பெயர்களும் இருக்கின்றன. ஓடியவர்கள் எல்லாரும் ஓடி முடித்தார்கள். எல்லைக்கோட்டைத் தாண்டிய பிறகு ஒரு சிலர் தரையில் சாய்ந்தார்கள், அவ்வளவுதான். ஆனாலும் பெண்களின் 800 மீட்டர் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது. 32 ஆண்டுகள் கழித்து 1960இல் ரோம் நகரில்தான் திரும்பி வந்தது. இடைப்பட்ட காலத்தில் எந்த ஒலிம்பிக்கிலும் பெண்கள் 200 மீட்டருக்கு மேல் ஓட அனுமதிக்கப்படவில்லை. எங்கள் ஆசிரியர் சொன்ன எண் இதுதான். ஒலிம்பிக்கே கைவிட்டு 25 ஆண்டுகள் ஆன பிறகும் எங்கள் பள்ளி மைதானத்தில் அது செல்லுபடியாகிக்கொண்டிருந்தது.

800 மீட்டர் ஓடினால் ஏன் விழுகிறார்கள்? இரண்டு நிமிடம் சொச்சம் நீடிக்கும் இந்த ஓட்டத்தில் உடல் இரண்டு வகையில் சக்தி எடுக்கிறது. பெரும்பகுதி மூச்சில் வரும் ஆக்சிஜனைக் கொண்டு, மிச்சம் ஆக்சிஜன் இல்லாமலே தசைக்குள்ளிருந்து. இரண்டையும் உச்சத்துக்கு இழுப்பதால் தடகளத்தில் மிகக் கொடுமையான தூரங்களில் இதுவும் ஒன்று என்பார்கள். ஓடும்போது கால் தசைகள் சுருங்கிச் சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளுகின்றன. சட்டென்று நின்றால் அந்தத் தள்ளல் நின்றுவிடும். இரத்தம் காலில் தேங்கும், இரத்த அழுத்தம் இறங்கும், தலை சுற்றும். படுத்துக் காலை உயர்த்தினால் சில நிமிடங்களில் சரியாகிவிடும். ஆணுக்கும் இதேதான் நடக்கும். எல்லைக்கோட்டுக்கு அப்பால் விழுந்து கிடக்கும் ஆணைப் பார்த்து உயிரைக் கொடுத்து ஓடினான் என்று எழுதுவார்கள். பெண் விழுந்தால் ஓடியிருக்கவே கூடாது என்பார்கள்.

இதே கதை பெரிய தூரங்களில் திரும்ப நடந்தது. 1966இல் பாஸ்டன் மாரத்தானில் ஓட விண்ணப்பித்த பாபி கிப் என்ற இளம்பெண்ணுக்கு, பெண்களின் உடல் அவ்வளவு தூரம் ஓடும் தகுதி கொண்டதல்ல என்று பதில் வந்தது. அவர் தொடக்கக் கோட்டுக்கு அருகில் புதருக்குள் ஒளிந்திருந்து, கூட்டம் நகர்ந்ததும் உள்ளே புகுந்து ஓடினார். 3 மணி 21 நிமிடம் 40 விநாடியில், ஓடிய ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு முன்னால் முடித்தார். மறு ஆண்டு கேத்ரின் சுவிட்சர் 261ஆம் எண்ணோடு ஓடியபோது, அமைப்பாளர் ஒருவர் பாதையில் பாய்ந்து அந்த எண்ணைப் பிய்க்கப் பார்த்தார். அந்தப் புகைப்படம் உலகம் முழுவதும் போனது. 1972இல்தான் பெண்கள் அங்கே முறைப்படி ஓட முடிந்தது. அவர்களின் கர்ப்பப்பைகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

1984க்கு வருகிறேன். நான் பெயர் கொடுப்பதற்கு முந்தைய ஆண்டு. லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பெண்கள் மாரத்தான் நடந்தது. ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிடம் 52 விநாடியில் வென்றார். அதே ஒலிம்பிக்கின் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா விநாடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்தார். எங்கள் வீட்டிலும் அன்று உஷா பேச்சுதான். அம்மாச்சிகூட "அந்தப் பிள்ளைக்குக் கிடைச்சிருக்கலாம்" என்று வருத்தப்பட்டார். உஷா ஓடலாம், நான் ஓடக் கூடாது என்பதில் அவருக்கு முரண்பாடு எதுவும் தெரியவில்லை.

ஆனால் அதே 1984இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றி அன்று யாரும் பேசியிருக்க மாட்டார்கள். பார்பரா டிரிங்க்வாட்டரும் உடன் பணியாற்றியவர்களும் மாதவிடாய் நின்றுபோன 14 விளையாட்டு வீராங்கனைகளை, மாதவிடாய் ஒழுங்காக வரும் 14 வீராங்கனைகளோடு ஒப்பிட்டார்கள். முதல் பிரிவினரின் சராசரி வயது சுமார் 25. அவர்களது முதுகெலும்பின் அடர்த்தியோ 51 வயதுப் பெண்ணுக்கு உரியதாக இருந்தது.

ஆக, ஆபத்து இருந்தது. ஆனால் அது மருத்துவர்கள் நூறாண்டாகக் காவல் காத்த இடத்தில் இல்லை. கடுமையாகப் பயிற்சி செய்து, அதற்கு ஏற்றபடி சாப்பிடாமல் இருந்தால் உடல் சிக்கனத்துக்குப் போகிறது. மூளை மாதவிடாய்ச் சுழற்சியை நிறுத்துகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. எலும்பு கரைகிறது. போதாத உணவு, நின்றுபோன மாதவிடாய், மெலிந்த எலும்பு என்று மூன்றும் சேர்ந்த இந்தச் சிக்கலுக்கு 1990களில்தான் மருத்துவம் தனிப் பெயர் வைத்தது. ஓட்டம் கெடுதல் செய்யவில்லை, பட்டினியோடு சேர்ந்த ஓட்டம் கெடுதல் செய்தது. மெலிந்திருந்தால்தான் அழகு, குறைவாகச் சாப்பிட்டால்தான் அடக்கம் என்று பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கும் உலகத்தில் இந்த ஆபத்து யாருக்கும் கண்ணில் படாமல் இருந்ததில் வியப்பில்லை.

நாம் ஆபத்தே கிடையாது என்று சொல்லிவிடக் கூடாது. திடீரென்று திரும்பிக் குதிக்கும் விளையாட்டுகளில் முழங்காலின் உள்நார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். முறையாகச் சொல்லித்தரும் தசைப் பயிற்சியும் குதித்து இறங்கும் பயிற்சியும் அதைக் குறைக்கின்றன. ஓடும்போதும் குதிக்கும்போதும் சிறுநீர் கசிவது நிறையப் பெண்களுக்கு உண்டு. அதற்கும் இடுப்படித் தசைகளுக்கான பயிற்சி இருக்கிறது. ஆர்னால்ட் கெகல் என்ற மருத்துவர் 1948லேயே அதை எழுதிவைத்தார். கர்ப்பப்பை லேசாக இறங்கியவர்களுக்கு இன்றும் முதலில் சொல்லித்தரும் சிகிச்சைகளில் ஒன்று அதே பயிற்சிதான். பயிற்சியால் இறங்கும் என்று நம்மை மிரட்டினார்கள். இறங்கியதைத் தாங்கிப் பிடிப்பதே பயிற்சி என்று யாரும் சொல்லவில்லை.

அம்மாச்சி கதைக்குத் திரும்ப வேண்டும். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, என் கைக்கட்டைப் பார்க்க வந்த பெரியம்மாவிடம் இந்தக் கர்ப்பப்பைப் பேச்சைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அவளுக்கு எறங்கித்தானடீ இருந்துச்சு" என்றார். ஏழு பிள்ளை பெற்றவர். பிரசவமான பத்தாம் நாளே நடவுக்குப் போனவர். விறகுக்கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு கண்மாய்க்கரை வழியாக நடந்து வந்தவர். நாற்பது வயதிலிருந்து பழந்துணியை மடித்துக் கட்டிக்கொண்டுதான் நடமாடியிருக்கிறார். மருத்துவரிடம் போனதில்லை. வீட்டு ஆண்கள் யாருக்கும் தெரியாது.

அம்மாச்சி பொய் சொல்லவில்லை. கர்ப்பப்பை இறங்கும் என்பது அவர் உடம்பால் அறிந்த உண்மை. ஆனால் அதற்குக் காரணமாக அவர் நினைத்தது தன்னால் நிறுத்த முடிகிற ஒன்றை. நடவையும் விறகையும் பிள்ளைப்பேறையும் அவரால் நிறுத்த முடியாது. பேத்தியின் ஓட்டத்தை நிறுத்த முடியும்.

நேபாளத்தில் இது நாட்டின் பிரச்சினையாகவே பேசப்பட்டது. அடுத்தடுத்த பிரசவங்கள், பிரசவமான உடனேயே சுமை தூக்குதல், போதாத உணவு, கிடைக்காத மருத்துவம் ஆகியவற்றால் ஏராளமான மலைக்கிராமப் பெண்களுக்குக் கர்ப்பப்பை இறங்கியிருந்தது. 2008இல் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் இதைப் பெண்களின் இனப்பெருக்க உரிமை மீறலாகக் கருதித் தீர்ப்புச் சொன்னது. ஓடினால் இறங்கும் என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பயமுறுத்திய காலமெல்லாம், உண்மையில் அதை இறக்கிக்கொண்டிருந்த வேலைகளை யாரும் தடை செய்யவில்லை.

800 மீட்டரில் இன்னொரு பெண்ணும் இருக்கிறார். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் பிறந்த சாந்தி சௌந்திரராஜன் 2006 டிசம்பரில் தோஹா ஆசியப் போட்டியில் இந்தத் தூரத்தை 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி வெள்ளி வென்றார். பின்னர் பாலினப் பரிசோதனை செய்து, அவர் பெண்ணல்ல என்று பதக்கத்தைப் பறித்தார்கள். 1928இல் பெண் என்பதால் இந்தத் தூரத்தை ஓடக் கூடாது என்றார்கள். 2006இல் இவ்வளவு நன்றாக ஓடுபவர் பெண்ணாக இருக்க முடியாது என்றார்கள். சாந்தியின் பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளர்கள். பதக்கம் போன பிறகு சாந்தியும் சூளையில் கூலி வேலை செய்ய நேர்ந்தது. செங்கல் சுமந்தபோது யாரும் அவரிடம் பெண் என்பதற்குச் சான்றிதழ் கேட்கவில்லை.

இப்போது நிலைமை மாறிவிட்டது, தெருவுக்கொரு ஜிம் இருக்கிறதே என்பார்கள். உலக சுகாதார நிறுவனம், பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் வேக நடை போன்ற மிதமான பயிற்சியோ 75 நிமிடம் ஓட்டம் போன்ற கடும் பயிற்சியோ செய்ய வேண்டும், வாரம் இரண்டு நாளாவது தசையை வலுவாக்கும் பயிற்சி வேண்டும், 65 வயதுக்கு மேல் விழாமல் இருக்கச் சமநிலைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது. அதன் கணிப்பில் 2022இல் இந்திய ஆண்களில் 42 விழுக்காட்டினர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். பெண்களில் 57 விழுக்காட்டினர். இன்னொரு கணக்கும் இருக்கிறது. இந்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது 299 நிமிடம். அதில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம்.

நாளைக்கு ஐந்து மணி நேரம் வேலை செய்கிறவர்கள் எப்படி உடலுழைப்பு இல்லாதவர்கள் ஆவார்கள்? "வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே" என்று நம் வீட்டு ஆண்கள் சொல்வதற்கும் இதில் பதில் இருக்கிறது. பயிற்சி என்றால் உடலுக்கு வேண்டிய அளவு சுமை, அதைப் படிப்படியாகக் கூட்டுவது, இடையில் ஓய்வு, ஏற்ற உணவு. வீட்டு வேலையில் அரை மணி நேரம் குனிந்து நிற்போம், நெஞ்சு படபடக்காது. தண்ணீர்க் குடத்தை ஒரே இடுப்பில் வைத்துத் தூக்குவோம், மறு இடுப்பு வலுவாகாது. அலுப்பு மிஞ்சும். வேலையை யார் தொடங்கச் சொல்கிறார், யார் நிறுத்தச் சொல்கிறார் என்பதும் நம் கையில் இல்லை. பயிற்சிக்கு முதலில் வேண்டியது நேரம். அந்த 299இலிருந்து யாராவது 30 நிமிடத்தை வாங்கிக்கொண்டால்தான் அது கிடைக்கும்.

என் வீட்டில் காலைச் சமையல் இப்போது என் கணவருடையது. நான் இயன்முறை மருத்துவர் சொல்லிக்கொடுத்தபடி வாரம் இரண்டு நாள் எடைப் பயிற்சி செய்கிறேன். முதலில் அரைக்கிலோ டம்பெல், இப்போது நான்கு கிலோ. மற்ற நாட்களில் வேக நடை. குனிந்து திருகும் பயிற்சிகள் வேண்டாம் என்றிருக்கிறார்கள், செய்வதில்லை. ஒரு வருடம் கழித்து, மெதுவாக ஓடிப் பார்க்கலாம் என்று அனுமதி கிடைத்தது.

போன மாதம் ஒரு விடியற்காலை, வீட்டுப் பக்கத்து மைதானத்தில் 400 மீட்டர் பாதையை இரண்டு முறை நிற்காமல் சுற்றி வந்தேன். எட்டு நிமிடம் ஆனது. முடித்ததும் மூச்சு வாங்கத் தரையில் உட்கார்ந்தேன். நடந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் பதறி ஓடி வந்தார். "என்னம்மா ஆச்சு, கீழ விழுந்துட்டீங்களா?" என்றார்.

"இல்லைங்க ஐயா, ஓடி முடிச்சிட்டேன்" என்றேன்.